முதல் ஆறு இலக்கம்: நாற்பதை நெருங்கியவர் சேம்பரிங் தேடும்போது

மலேசியாவில் சட்டம் படித்தவர் வழக்கறிஞராவதற்கு முன் ஒரு சட்ட நிறுவனத்தில் பெறும் பயிற்சிக்குச் சேம்பரிங் என்று பெயர். அதற்கு இடம் தேடும்போது வயதை மறைக்க முடியாது. ஐசி (அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த வருடம், மாதம், தேதி. தன்விவரத்தில் பிறந்த தேதியை எழுதாமல் விடலாம், புகைப்படத்தை எடுத்துவிடலாம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய ஆண்டை நைசாக விழுங்கிவிடலாம். விண்ணப்பப் படிவம் எப்படியும் ஐசி எண்ணைக் கேட்கும். 79 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் ஒரு நொடி அங்கேயே நிற்கும். கோலாலம்பூரில் நான் போன நேர்காணல்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) என்னைக் கட்சிக்காரர் என்று நினைத்து உள்ளறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். சேம்பரிங் கேட்டு வந்தவன் என்று தெரிந்ததும் வெளியே வரிசையில் இருந்த பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார்கள். காப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். இடம் கிடைக்கவில்லை.

பதினைந்து வருடம் காப்புறுதி நிறுவனத்தில் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மாலை வகுப்பில் லண்டன் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. சட்டப் பட்டம், அப்புறம் தொழிலுக்குள் நுழைய எழுதும் சி.எல்.பி. தேர்வு, 2018இல் சேம்பரிங், அப்போது வயது 39. அன்றிலிருந்து வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஆசிரியர், தாதி, வங்கி அதிகாரி, போலீஸ் வேலையை விட்டவர் என்று பலதரப்பு. "இந்த வயசுல நம்மள எவன் எடுப்பான் அண்ணே?"

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது. சட்டம் விடுமா, நிறுவனம் விடுமா, உள்ளே போனபிறகு நமக்கே ஒத்துவருமா. முதலாவதற்குப் பதில் எளிது. மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞராவதற்கான விதிகள் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தில் உள்ளன. அதன் 11ஆவது பிரிவு வயதைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்று: 18 வயது ஆகியிருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும், நன்னடத்தை வேண்டும், சட்டம் ஏற்கும் கல்வித்தகுதி வேண்டும், சேம்பரிங் முடித்திருக்க வேண்டும். 24 வயதுக்காரருக்கும் 54 வயதுக்காரருக்கும் அதே வாசகம்தான். இந்த நாட்டின் முதல் பிரதமரே தாமதமாகக் கரையேறியவர். 1903 பிப்ரவரியில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் இளமையில் பாரிஸ்டர் தேர்வில் தவறி, போருக்குப் பிறகு திரும்பவும் லண்டன் போய் 1949இல்தான் தேறினார். ஊர் திரும்பி அரசாங்கச் சட்ட இலாகாவில் கீழ்ப்படியிலிருந்து வேலை பார்த்தார். அவர் அரச குடும்பம், அவரோடு நம்மை ஒப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான்.

ஆனால் அதே சட்டத்தில் வயதைப் பெயர் சொல்லாமல் உரசும் இடங்கள் உண்டு.

சேம்பரிங் காலம் ஒன்பது மாதம். குறைந்தது ஏழு வருடம் தொடர்ந்து தொழில் நடத்திய ஒருவரை மாஸ்டராகக் கொண்டு அவரிடம் பழக வேண்டும். அந்த ஒன்பது மாதமும் வழக்கறிஞர் மன்றமான பார் கவுன்சிலின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வேறு எந்த வேலையும் பார்க்கக்கூடாது. 23 வயதில் இது ஒரு வரி, படித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். அப்பா வீட்டில் சாப்பாடு, அம்மா துவைத்த சட்டை, காசு போதாவிட்டால் அக்காவிடம் கேட்கலாம். 39 வயதில் அதே வரிக்கு வீட்டுக்கடன், கார் கடன், பிள்ளையின் டியூஷன், அப்பாவின் டயாலிசிஸ் என்று பொருள். சேம்பரிங் பிள்ளைக்கு நிறுவனம் கொடுப்பது படிப்பணம்தான், அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரிய இடத்தில் ஒரு மாதிரி, இரண்டு பேர் நடத்தும் அலுவலகத்தில் வேறு மாதிரி. அந்தக் காலத்தில் ஆறு மாதம் வரை கழித்துக்கொள்ள, சிறப்புச் சூழ்நிலை இருந்தால், பார் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நாற்பது வயது ஆகிவிட்டது என்பதே சிறப்புச் சூழ்நிலை என்று வாதாட நான் துணியமாட்டேன்.

ஊழியர் சேமநிதியில் கல்விக்கென்று பணம் எடுக்கலாம், ஆனால் அது படிப்புக் கட்டணத்துக்கு. ஒன்பது மாத அரிசி பருப்புக்கு இல்லை. 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கில் மாதச் சந்தாவின் பத்தில் ஒரு பங்குதான் சேர்கிறது, அதில் எவ்வளவு தேறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சேம்பரிங் சேர்வதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே காரை விற்றுவிட்டு எல்.ஆர்.டி. ரயிலில் போகப் பழகினேன். மனைவி ஆசிரியை. அந்த ஒரு சம்பளம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். வயதானவருக்கு முதல் தடை வயது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் முதல் தடை இந்த ஒன்பது மாதம்.

அடுத்தது நன்னடத்தை. திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டிருக்கக்கூடாது, தொழிலுக்குத் தகுதியற்றவராக ஆக்கும் குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கக்கூடாது. வழக்கறிஞராகச் சேர்க்கக் கேட்டு உயர்நீதிமன்றத்தில் போடும் பெட்டிஷனைப் பற்றிய அறிவிப்பு மூன்று மாதம் ஒட்டப்பட்டிருக்கும். ஆட்சேபம் உள்ளவர் சொல்லலாம். பட்டம் வாங்கிய கையோடு வருகிற பிள்ளைக்குக் கடந்தகாலமே கிடையாது. நாற்பது வயதுக்காரருக்கு உண்டு. மச்சானின் வியாபாரக் கடனுக்கு 2009இல் போட்ட ஜாமீன் கையெழுத்து, மூடாமல் விட்ட ஒரு சின்ன நிறுவனம், மறந்துபோன கிரெடிட் கார்டு. சேம்பரிங் தேடுவதற்கு முன்பே இன்சால்வன்ஸி இலாகாவில் தன் பெயரைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

படிப்பு விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவருக்கு சி.எல்.பி. வேண்டாம். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவருக்கும் வேண்டாம். லண்டன் எல்.எல்.பி. படித்த என்னைப் போன்றவர்கள்தான் எழுத வேண்டும். பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை என ஐந்து தாள். சட்டத் தொழிலுக்கான கல்வித்தகுதியை முடிவுசெய்யும் தகுதி வாரியம் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, அந்தப் பட்டப்படிப்புக்குள் எந்தத் தகுதியோடு நுழைந்தீர்கள் என்பதையும் பார்க்கும். இருபது வருடத்துக்கு முந்தைய எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவு இங்கேதான் வந்து கதவைத் தட்டும். கல்லூரி விற்பனையாளர் "பிரச்சினை இல்லை பாஸ்" என்று சொல்வதை நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள். வாரியத்துக்கே எழுதி, பதிலைக் கையில் வாங்கிய பிறகு கட்டுங்கள்.

சரி, நிறுவனம் வயதைக் காரணம் காட்டி ஒதுக்கினால் சட்டம் கேட்குமா? இங்கே பெரும்பாலும் கேட்காது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்ட பாகுபாட்டைத் தடுக்கிறது. பாலினம்கூட 2001இல்தான் சேர்ந்தது. வயது அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் தனியார் நிறுவனத்தின் மேல் அது பாய்ந்திருக்காது. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னான்டஸ் வழக்கில், அந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிராகத்தானே தவிரத் தனியார் ஒப்பந்தத்துக்கு எதிராக இல்லை என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 69எஃப் என்று ஒரு பிரிவு வந்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பாகுபாட்டுத் தகராறைத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்கிறது. பாகுபாடு என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. வேலை கேட்டு வாசலில் நிற்பவர் இன்னும் தொழிலாளியும் ஆகவில்லை.

பக்கத்தில் சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் வயதும் உண்டு. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலும் உண்டு. அங்கே 2012இல் உச்சநீதிமன்றம் வரை போன ஹோமர் வழக்கு நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, போலீசாருக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் வேலை பார்த்தவர் அவர். மேல் படிக்குப் போகச் சட்டப் பட்டம் வேண்டும் என்று புது விதி வந்தது. அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, 65இல் ஓய்வு. பகுதிநேரமாகப் படித்து முடிப்பதற்குள் வேலைக்காலமே முடிந்துவிடும். விதியில் வயது என்ற சொல்லே இல்லை, ஆனாலும் அது மறைமுகமாக வயதை வைத்துப் பாதிக்கிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த விதிக்குத் தக்க நியாயம் இருந்ததா என்பதை மறுபடி பார்க்கக் கீழ்த் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. நம் ஊரில் ஹோமருக்கு வழக்குப் போடவே இடம் இருந்திருக்காது.

ஆகவே முடிவு நிறுவனத்தின் கையில். நிறுவனங்கள் இளையவர்களை விரும்புவது வயதானவர் மேல் உள்ள வெறுப்பால் என்று எனக்குத் தோன்றவில்லை. கோலாலம்பூரின் பெரிய, பழைய நிறுவனங்கள், 1905இல் தொடங்கிய ஷியர்ன் டெலமோர், 1918இன் ஷூக் லின் அண்ட் பொக், 1963இன் ஸ்கிரீன் போன்றவை, பல தலைமுறை வழக்கறிஞர்களைப் பழக்கி அனுப்பியிருக்கின்றன. இந்த அளவுள்ள இடங்களில் சேம்பரிங் என்பது ஒரு தொகுதியாக ஆள் எடுத்து, அதில் நிலைப்பவரைத் தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடு. முதல் இரண்டு வருடம் கற்றுக்கொடுப்பதில் போகும், போட்ட முதல் அதற்குப் பிறகுதான் திரும்பும். 24 வயதில் வந்தவர் பங்குதாரர் ஆகப் பத்து, பன்னிரண்டு வருடம் பொறுத்திருப்பார் என்று கணக்குப் போடலாம். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் மூன்றாம் வருடமே கார்ப்பரேட் வேலைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவதை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் படிவம் மாறுவதில்லை. மூட்டிங் (மாதிரி வழக்கு வாதம்) போட்டியில் பேசினீர்களா, மாணவர் மன்றத்தில் என்ன பொறுப்பு வகித்தீர்கள் என்று கேட்கும் படிவத்தில் பதினைந்து வருட வேலையை எழுத ஒரு கட்டம்கூட இருக்காது.

அங்கே முட்டி மோதி மனம் உடைவதைவிட, நம் பழைய வேலை எந்த வகை வழக்கில் காசாகும் என்று யோசிப்பது மேல். என்னை எடுத்தது நான்கே வழக்கறிஞர் கொண்ட அலுவலகம். வேலையில் பெரும்பகுதி ரன்னிங் டவுன், அதாவது சாலை விபத்து வழக்கு. காப்புறுதி நிறுவனம் எந்த ரசீதை ஏற்கும், எந்த மருத்துவ அறிக்கையில் சந்தேகப்படும், எந்தத் தொகையில் இறங்கிவரும் என்று எனக்குத் தெரியும், அங்கே இருந்த இளையவர்களுக்குத் தெரியாது. மாஸ்டர் என்னிடம் எல்.எல்.பி. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு ஃபைலைத் தள்ளி, "இதுக்கு எவ்வளவு குடுப்பாங்க சார்?" என்றார். நான் சொன்ன தொகை சரியாக இருந்ததா என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

தாதியாக இருந்தவருக்கு மருத்துவக் கவனக்குறைவு வழக்கு, வங்கியில் இருந்தவருக்கு வீடு நிலக் கடன் பத்திரங்கள், மனிதவளத்தில் இருந்தவருக்குத் தொழில் நீதிமன்றம். பொறியியலாளருக்குக் கட்டுமானத் தகராறு. அதிலும் 2014 ஏப்ரலில் கட்டுமானப் பணக்கொடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தபிறகு, வரைபடம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞருக்கு நல்ல தேவை. தமிழும் ஒரு தகுதிதான். நீதிமன்ற மொழி மலாய், வாதத்தில் ஆங்கிலம் கலக்கும். ஆனால் மாமன் மகன் வெட்டிய கதையை ஒரு சாட்சி அலுவலகத்தில் வந்து சொல்வது தமிழில்தான். வயதில் பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டால் அந்தக் கதை வேறு மாதிரி வெளியே வரும். இந்த அலுவலகங்கள் இணையத்தில் விளம்பரம் போடுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படிகளிலும் ஜாலான் ஈப்போ கடைவரிசையிலும் கிள்ளானிலும் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். மூன்று வரிக் கடிதத்தோடு நேரே ஏறிப்போக வேண்டியதுதான். அந்தக் கடிதத்தில் "தாமதமாக வந்தாலும்", "சிறுவயதுக் கனவு" போன்ற மன்னிப்புகள் வேண்டாம்.

அரசாங்கத்தின் நீதி, சட்டச் சேவையையும் சிலர் கேட்பார்கள். கட்டாய ஓய்வு 60, அதனால் நாற்பதில் நுழைபவருக்கு மிஞ்சும் காலம் குறைவு. நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவில் லீகல் எக்ஸிகியூட்டிவ் ஆக லாங் கால், அதாவது வழக்கறிஞராக முழு அனுமதி, தேவையே இல்லை. சம்பளம்தான் முக்கியம் என்றால் அந்தப் பக்கம் போவதில் வெட்கம் இல்லை.

இனி உள்ளே போனபிறகு என்ன என்பது.

நமக்கு மூத்தவர் என்றால் வயதில் மூத்தவர். பாரில், அதாவது வழக்கறிஞர் வட்டத்தில், மூத்தவர் என்றால் முதலில் கால் ஆனவர், வழக்கறிஞராக முதலில் சேர்க்கப்பட்டவர். 2010இல் கால் ஆன 33 வயதுப் பெண், 2019இல் கால் ஆன 40 வயதுக்காரனுக்கு சீனியர். நீதிமன்றத்தில் யார் முதலில் எழுந்து பேசுவது என்பதும் அந்த வரிசைப்படிதான். சேம்பரிங் பிள்ளை என்றால் அந்த வரிசையிலேயே இன்னும் இல்லை. தாளில் படிக்கும்போது இது ஒன்றும் இல்லை. முதல் வாரத்தில் என் அலுவலகத்து அசோசியேட், 28 வயதுப் பெண், ஒரு வழக்கு ஆவணப் பண்டலைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையருகே நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அதை ஐந்து படி எடுத்து எண் போட்டுக் கட்ட வேண்டும். யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "அண்ணே... தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கினார். நான் பண்டலை வாங்கிக்கொண்டேன். அன்று மாலை அவர் என்னிடம் சொல்லாமலே தானே மூன்று படி கட்டி வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனிடம் வேலை சொல்லக் கூச்சப்பட்டு அவரே செய்கிறார் என்றால், அலுவலகத்துக்கு நான் உதவி இல்லை, சுமை.

நேர்காணலில் அந்தக் கண் ஒரு நொடி நிற்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று பிறகு புரிந்தது. "இவரிடம் நம் பிள்ளைகள் வேலை சொல்ல முடியுமா?" யாரும் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆகவே நாமே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட வேண்டும். நான் மறுநாள் அந்தப் பெண்ணை "மிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அண்ணே என்று கூப்பிடுவதை அவர் விடவில்லை, விடவும் வேண்டாம். நான் மிஸ் என்று சொன்னதும் அவருக்கு வேலை சொல்ல வாய் வந்தது. மாஸ்டர் என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் என்னை சார் என்றார், நான் அவரை பாஸ் என்றேன். ஒன்பது மாதம் அப்படியே ஓடியது.

கட்சிக்காரர்கள்தான் பெரிய தலைவலி. மாஸ்டரோடு அறைக்குள் போனால் நரைத்த தலையைப் பார்த்து என்னிடம் கைகொடுப்பார்கள், அவரிடம் தண்ணீர் கேட்பார்கள். இரண்டாவது தடவை நடந்தபிறகு நான் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் நடக்கப் பழகினேன். ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் முப்பதைக்கூடத் தொடாதவராக இருப்பார். தலை தாழ்த்தி "புவான்" (மலாயில் அம்மா) என்று சொல்லும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. காப்புறுதி அலுவலகத்தில் என் கீழ் வேலை பார்த்த ஒருவர் எதிர்த்தரப்பு நிறுவனத்தின் பிரதிநிதியாக அதே அறையில் உட்கார்ந்திருந்த அன்றுதான் கொஞ்சம் செய்தது. முன்பு மேலாளராக இருந்தவர்கள், தலைமையாசிரியராக இருந்தவர்கள் பாதியில் விட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சி.எல்.பி.யைத் தாண்டியவர்கள்தான் அவர்கள், மூளைக்குக் குறைவில்லை. கார் நிறுத்த இடம் தேடிக்கொடுத்து, ரிஜிஸ்ட்ரியில் முத்திரைக்கு நின்று, 25 வயதுப் பிள்ளையிடம் இ-ஃபைலிங் கற்றுக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

மூன்று மாதம் முடிந்து ஷார்ட் கால் என்ற பகுதி அனுமதி கிடைத்ததும் நிலைமை இளகும். சில நீதிமன்றங்களில் தானே நின்று மென்ஷன் என்ற சிறு விசாரணையைப் பார்க்கலாம், அலுவலகத்துக்கும் பயன்படுகிறோம் என்ற தெம்பு வரும். பார் கவுன்சிலின் சட்ட உதவி மையத்தில் சேம்பரிங் பிள்ளைகள் கட்டாயமாகச் செய்யும் வேலையில்தான் நான் முதன்முதலாக வயதுக்கு ஒரு மதிப்பைப் பார்த்தேன். வீட்டுவாடகைத் தகராறோடு வந்த ஒரு பாட்டி வரிசையில் இருந்த நான்கு பேரையும் பார்த்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். என் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு வாடகைச் சட்டம் என்னைவிட நன்றாகத் தெரியும். பாட்டிக்கு அது தெரியாது.

2019இல் லாங் கால் ஆனது. சில வாரத்தில் பாரின் இளம் வழக்கறிஞர் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அங்கே இளமைக்கு அளவு பிறந்த தேதி இல்லை, கால் ஆகி ஏழு வருடத்துக்குள் இருந்தால் இளையவர். செராஸில் வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்சால், வாருங்கள் என்றது. போனேன். என் அணியில் அடுத்த மூத்தவருக்கு வயது 27. முழங்காலைக் காட்டி கோல் கம்பத்துக்கு நடுவே நின்றுகொண்டேன்.